பிரேக் தூசி

டிரம் அசைய மறுத்தது.

மரச் சுத்தியலால் சுற்றிச் சுற்றி நாலு தட்டு தட்டினார் பெரியவர். ஐந்தாவது தட்டில் 'டொங்' என்று ஒரு சத்தம். அடுப்பிலிருந்து பானையை இறக்குகிற மாதிரி இரண்டு கைகளாலும் இழுத்து, டிரம்மைத் தரையில் வைத்தார். உள்ளே, பிரேக் பட்டைகளைச் சுற்றி, மாவு மாவாகச் சாம்பல் நிறத் தூசி.

அந்தத் தூசியின் கருகல் வாசனை அவருக்குப் பிடிக்காது. கைக்குட்டையை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு, கம்ப்ரஸர் குழாயை நீட்டினார். புஸ்ஸ்ஸ்! கொட்டகை முழுக்க ஒரு மேகம் எழுந்து, வெயிலில் மினுமினுத்து, நிதானமாக இறங்கியது. பழைய காரின் மேல் இறங்கியது. அவர் வேலைக்கு மாட்டும் நீல ஓவரால் உடுப்பின் மேல் இறங்கியது.

"உங்க சக்களத்திக்குப் பவுடர் பூசி முடிச்சாச்சா?" பின்கட்டுக் கதவிலிருந்து மனைவியின் குரல். "முடிச்சாச்சுன்னா மூத்தவளையும் கொஞ்சம் திரும்பிப் பாருங்க. சாப்பாடு ஆறுது."

"வரேன், வரேன். ஒரு சக்கரம்தான் பாக்கி."

"இதையேதான் கல்யாணமான புதுசுலயும் சொன்னீங்க."

அப்போது காரே கிடையாது. ஆனாலும் அவர் சிரித்தார். அவளிடம் வாதம் பண்ணி ஜெயித்ததாகச் சரித்திரம் இல்லை.

நில அளவை அலுவலகத்தில் முப்பத்தாறு வருடம் வரைபடம் வரைந்து ஓய்வு பெற்றவர் அவர். வயது எழுபத்தொன்று. விடுமுறை நாட்களில் பழைய கார்களைப் பிரித்துப் பூட்டுகிற பைத்தியம் பிடித்து முப்பத்து மூன்று வருடம் ஆகிறது. ஊரில் அதே பைத்தியம் பிடித்தவர்கள் இன்னும் இருபத்து மூன்று பேர். அவர்களுக்குள் இவருக்கு 'டிரம்மர்' என்று பட்டப்பெயர். மேளம் அடிப்பதால் அல்ல. யாருடைய காராக இருந்தாலும் பிரேக் டிரம் இந்தக் கொட்டகைக்குத்தான் வரும். டிரம்மின் உள்பக்கத்தை உரசிச் சக்கரத்தை நிறுத்துகிற பட்டைக்கு லைனிங் என்று பெயர். தேய்ந்துபோன லைனிங்கைப் பெயர்த்து, புதிய பட்டையை ஆணியடித்துப் பொருத்தி, அரத்தால் ராவி, மயிரிழை பிசகாமல் உட்கார வைப்பதில் அவரை அடிக்க ஆளில்லை. காசு வாங்கமாட்டார். பாராட்டினால் போதும், ஒரு வாரத்துக்குத் தரையில் கால் பாவாது.

ஓவராலைக் கழற்றி நீட்டினார். மனைவி வாங்கிக்கொண்டு பின்படியில் நின்றாள். தோள்பட்டை இரண்டையும் பிடித்துக்கொண்டு பட்டென்று ஓர் உதறு. இரண்டாவது உதறு. உதறாமல் போட்டால் துவைக்கிற தண்ணீர் சேறாகிவிடும் என்பது அவள் கணக்கு. முப்பத்து மூன்று வருடமாக அதே படி, அதே உதறல்.

மூன்றாவது உதறலில் இருமல் வந்தது.

இரண்டு மாதமாகவே வந்துபோகிற இருமல்தான். அன்றைக்கு வந்தது போகவில்லை. அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். துணியை மடியில் சுருட்டி வைத்துக்கொண்டு, "ஒண்ணுமில்லீங்க… மூச்சு… இப்ப வந்துடும்…" என்றாள்.

வரவில்லை.

மருத்துவமனையில் அவள் விலாவில் ஊசி போட்டு ஒன்றரை லிட்டர் நீர் எடுத்தார்கள். துளி சதையைக் கிள்ளிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். எட்டாம் நாள் முடிவு வந்தது. மகள் கீழே மருந்துக் கடை வரிசையில் நின்றிருந்தாள். அறைக்குள் பெரியவர் மட்டும்.

நுரையீரல் மருத்துவர் நாற்பது வயதுப் பெண். சுற்றி வளைக்கத் தெரியாதவர்.

"புற்றுநோய்தான், ஐயா. நுரையீரல்ல இல்ல, அதைச் சுத்தி இருக்கிற உறையில. ரொம்ப அபூர்வமா வர்றது. முத்திப்போன பிறகுதான் வெளியில தெரியும்."

"எ… எவ்வளவு நாள்?"

"ஆறு மாசம். ஒரு வருஷம் கிடைச்சா அதிர்ஷ்டம். இன்னொண்ணு கேக்கணும். இந்த வகைக்கு அனேகமா ஒரே காரணம்தான். ஆஸ்பெஸ்டாஸ் தூசி. அம்மா எங்கயாவது வேலை பார்த்தாங்களா? கூரை ஷீட் ஃபேக்டரி, குழாய் கம்பெனி, அந்த மாதிரி?"

"இல்லீங்க. வீட்டோடதான்."

"நீங்க?"

"நான் ஆபீஸ். படம் வரையற வேலை."

மருத்துவர் பேனாவைத் தட்டினார். "நேரா அதுல வேலை செய்யணும்னு இல்ல. வேலை செஞ்சவங்க துணியைத் துவைச்சவங்களுக்கே வந்திருக்கு. உதறும்போது மூச்சுல போயிடும். கண்ணுக்குத் தெரியாத ஊசி மாதிரி இருக்கும். உள்ள போனா வெளிய வராது. இருபது வருஷம், முப்பது வருஷம் கழிச்சு வேலையைக் காட்டும். அந்தக் காலத்துக் கட்டடம், கொதிகலன், பழைய வண்டிகளோட பிரேக் லைனிங்…"

அதற்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் பெரியவர் காதில் விழவில்லை.

பின்படி. தோள்பட்டை இரண்டு. ஒரு உதறு. இரண்டு. மூன்று.

"ஐயா? எதுவும் ஞாபகம் வருதா? காரணம் தெரிஞ்சா இன்னும் நாலு பேரையாவது காப்பாத்தலாம். அதுக்குத்தான் கேக்கறேன்."

பெரியவர் எழுந்து நின்றார்.

"தெரியலீங்க, டாக்டர்."

இரண்டே வார்த்தை. சொல்லிவிட்டு வெளியே வந்தார். தன் மார்பைத் தடவிப் பார்த்துக்கொண்டார். போன மாதம் எடுத்த எக்ஸ்ரேயில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. அதைப் பார்த்த வேறொரு மருத்துவர் கண்ணாடி போலச் சுத்தம் என்று பாராட்டியிருந்தார்.

நோயின் பெயரை அம்மாவிடம் சொல்லக்கூடாது என்று மகள் தீர்மானித்தாள். "கேட்டா மனசு உடைஞ்சிடும்பா. நீர் கோத்திருக்குன்னு மட்டும் சொல்லுவோம்." காரணம் என்னவாம் என்று அவள் கேட்டபோது, பெரியவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "வயசாச்சு இல்ல" என்றார்.

மகளுக்கு அது போதவில்லை. காரணம் இல்லாமல் ஒரு துக்கத்தைச் சுமக்க யாரால் முடியும்? அவளே ஒன்றைக் கண்டுபிடித்தாள்.

"அந்த மண்ணெண்ணெய் அடுப்பு! எத்தனை வருஷம் தலைதலையா அடிச்சுக்கிட்டேன், தூக்கிப் போடும்மான்னு. கேட்டியா நீ? ஜன்னலைச் சாத்திக்கிட்டு அந்தப் புகைக்குள்ளயே நின்னு வறுத்தே, பொரிச்சே. இப்பப் பாரு, மூச்சு விட முடியலை."

கட்டிலில் மூன்று தலையணைகளில் சாய்ந்திருந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

"என் பிடிவாதம்தான்டி. காஸ் அடுப்புன்னா எனக்குப் பயம். வெடிச்சிடுமோன்னு."

"உன் பயத்துக்கு யார் அழறது?"

"நான்தான் அழணும். வேற யாரு?"

பக்கத்து நாற்காலியில் பெரியவர் செய்தித்தாளை உயர்த்திப் பிடித்திருந்தார். இரண்டாம் பக்கம். அரை மணியாக அதே இரண்டாம் பக்கம். இப்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தார். சொன்னால் மகளின் கண்ணில் தான் என்னவாக ஆவோம் என்று அடுத்து நினைத்தார். பக்கத்தைப் புரட்டினார்.

அன்று சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. மகள் அந்த அடுப்பை எடுத்துக் குப்பையில் போட்ட அன்றும் சொல்லவில்லை. நாட்கள் வாரமாகி, வாரங்கள் மாதமாகின. வருகிற உறவினர்கள் ஒவ்வொருவரிடமும் மனைவி தானாகவே, "நான் செஞ்சுக்கிட்டதுதான், அடுப்புப் புகை" என்று ஒப்புதல் வாக்குமூலம் கொடுத்தாள். அவர்களும் உச்சுக்கொட்டிவிட்டு, ஆரஞ்சுப் பழங்களை வைத்துவிட்டுப் போனார்கள்.

மூன்றாம் மாதக் கடைசியில் கேப்டன் வந்தார்.

கேப்டன் கப்பலைப் படத்தில் பார்த்ததோடு சரி. எப்போதும் ஒரு வெள்ளைத் தொப்பி, அதனால் அந்தப் பெயர். கார்க்காரர்கள் கூட்டத்திலேயே சத்தமான மனிதர். கட்டிலருகே இரண்டு நிமிடம் அடக்கமாக நின்றுவிட்டு, கொட்டகைக்கு வந்ததும் பழைய குரலுக்குத் திரும்பினார்.

"டிரம்மர் அண்ணே, நேரம் கெட்ட நேரத்துல கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. அடுத்த மாசம் நம்ம பழைய கார் ஊர்வலம். என் வண்டி பிரேக் பிடிச்சா, நாளைக்குத்தான் நிக்குது. நாலு சக்கரத்துக்கும் லைனிங் போடணும்."

பெரியவரின் பார்வை தானாக அலமாரியின் கீழ்த்தட்டுக்குப் போனது. அங்கே ஒரு மரப்பெட்டி. பூட்டிப்போன கடை ஒன்றிலிருந்து இருபது வருடத்துக்கு முன்னால் அவர் அள்ளி வந்த பழைய லைனிங் பட்டைகள். 'ஒரிஜினல் சரக்கு' என்று அத்தனை பேருக்கும் அதன் மேல் ஒரு கண்.

மூன்று மாதமாக அந்தப் பெட்டிப் பக்கமே அவர் போகவில்லை. தூக்கத்தில் மட்டும் அது வந்தது.

"என்னால முடியாது, கேப்டன். கை நடுங்குது."

"அது சரி, பாவம். அப்ப நானே போட்டுக்கறேன். அந்தப் பெட்டியிலேருந்து எட்டுப் பட்டை மட்டும்…"

இதோ, இந்த இடத்தில் அவர் வாயைத் திறந்திருக்க வேண்டும். ஒரே ஒரு வாக்கியம். ஆனால், சொன்னால் 'உங்களுக்கு எப்படித் தெரியும்' என்று கேட்பான். ஊரெல்லாம் பேசுவான். மகள் காதுக்கு வரும். அந்தப் பெட்டி வீட்டில் இருக்கிறவரை அது தன்னைக் காட்டிக்கொடுத்துக்கொண்டே இருக்கும் என்று அந்த நிமிடத்தில் அவருக்குத் தோன்றியது. பிணத்தை மறைக்கிறவனின் புத்தி அது.

"எட்டு என்ன எட்டு. பெட்டியோட எடுத்துக்கிட்டுப் போ."

"அண்ணே!" கேப்டனுக்குக் கண் கலங்கிவிட்டது. "தங்கமான மனுஷன்ணே நீங்க."

நான்காம் மாதம், ஒரு மத்தியானம். மூன்றாவது முறையாக நீர் எடுத்துவிட்டு வீட்டுக்கு அழைத்து வந்திருந்தார்கள். அவள் மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். ஐந்து வார்த்தைக்கு ஒரு தரம் நின்று மூச்சு வாங்கினாள். மகள் சமையலறையில் இருந்தாள்.

"என்னங்க… இங்க வாங்க. கிட்ட."

வந்தார். அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். எலும்பும் தோலுமான கை.

"நீர் கோத்திருக்குன்னு… எத்தனை நாள் ஏமாத்துவீங்க? புற்றுநோய்னு எனக்குத் தெரியும். நான் கிளம்பிட்டேன்."

"அப்படிப் பேசாதே."

"பேச விடுங்க. என்னை மன்னிச்சிடுங்க. என் வீம்பால… அந்த அடுப்பைக் கட்டிக்கிட்டு அழுது… கடைசிக் காலத்துல உங்களைத் தனியா விட்டுட்டுப் போறேன். காபி கூடப் போடத் தெரியாது உங்களுக்கு."

நாலு மாதமாகக் கட்டிவைத்த சுவர் அந்தக் காபியில் இடிந்தது. பெரியவர் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

"அடுப்பு இல்ல."

"என்ன?"

"அடுப்பு இல்லடி. என் ஓவரால். அந்தப் பிரேக் லைனிங்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கு. நான் ராவினேன், காத்தடிச்சேன், அந்தத் தூசியை உடம்பெல்லாம் பூசிக்கிட்டு வந்து உன் கையில குடுத்தேன். நீ உதறின. முப்பத்து மூணு வருஷம்."

அவள் கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். பிறகு, மிக மெதுவாக, கையை அவர் பிடியிலிருந்து உருவிக்கொண்டாள்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா? நான் உதறும்போது?"

"சத்தியமாத் தெரியாது."

"எப்பத் தெரியும்?"

"ரிப்போர்ட் வந்த அன்னிக்கே."

"நாலு மாசம்." அவள் எண்ணுவதுபோல் சொன்னாள். "அவ என்னைத் திட்டினா. நீங்க பக்கத்துல உக்காந்து… பேப்பர் படிச்சீங்க. வந்தவங்க எல்லார்கிட்டயும் நான் தப்புப் பண்ணினவ மாதிரி… நீங்க கேட்டுக்கிட்டு இருந்தீங்க."

"பயமா இருந்துது."

"எனக்கு இல்லையா?"

அவர் தலை கட்டில் சட்டத்தில் முட்டியது. அழுகை சத்தமில்லாமல் வந்தது. அவள் அவரைத் தொடவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. மூச்சைச் சேர்த்துக்கொண்டிருந்தாள். சேர்த்து முடித்ததும் கேட்டாள்.

"அந்தச் சாமான்… இன்னும் கொட்டகையில இருக்கா?"

"இல்ல."

"எங்க?"

"…கேப்டன் எடுத்துக்கிட்டுப் போயிட்டான். மூணு வாரம் ஆச்சு."

அவள் தலையணையிலிருந்து எழ முயன்றாள். கழுத்து நரம்புகள் புடைத்தன.

"தெரிஞ்சுமா குடுத்தீங்க?"

அவர் ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

"அவன் பொண்டாட்டிக்கு… நாப்பத்தெட்டு வயசு. போனை எடுங்க."

"நான் கேப்டன்கிட்ட சாயந்தரம் பேசி…"

"அவன்கிட்ட இல்ல. அவகிட்ட. துவைக்கிறவ அவதானே? போடுங்க நம்பரை."

மணி அடித்தது. மறுமுனையில் கேப்டனின் மனைவி. பின்னணியில் சரக் சரக் என்று அரம் ராவுகிற சத்தம்.

"அண்ணி! எப்படி இருக்கீங்க? குரலைக் கேட்டே எத்தனை நாளாச்சு!"

"அது என்ன சத்தம்?"

"அதை ஏன் கேக்கறீங்க. அண்ணன் குடுத்தாரே ஒரு பெட்டி, அன்னிக்குலேருந்து இவருக்குச் சோறு தண்ணி வேண்டாம். வீடெல்லாம் தூசி. கூட்டிக் கூட்டி இடுப்பே போச்சு."

"உடுப்பை உதறினியா?"

"பின்ன? உதறாம எப்படித் துவைக்கிறது?"

பெரியவர் கண்களை மூடிக்கொண்டார். அவர் மனைவி மூடவில்லை.

"இனிமே உதறாதே. கூட்டாதே. தண்ணி தெளிச்சு… ஈரத்துணியால துடை. துடைச்ச துணியைப் பையில கட்டிடு. அவன் உடுப்பை வீட்டுக்குள்ள கொண்டுவராதே. உன் புள்ளைங்க துணியோட சேர்க்காதே. அவனை உடனே நிறுத்தச் சொல்லு. எனக்கு வந்திருக்கிறது… அதனாலதான். புற்றுநோய். ஆஸ்பெஸ்டாஸ்."

அரம் ராவுகிற சத்தம் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. அப்புறம் அந்தப் பெண் தன் கணவனைக் கூப்பிட்ட குரல். அந்த வீட்டில் அப்படி ஒரு குரல் அதற்குமுன் எழுந்திருக்காது. சத்தம் நின்றது.

"அடுத்த நம்பர்" என்றாள் அவள்.

"கொஞ்சம் ஓய்வெடுத்துக்கோ."

"ஓய்வெடுக்க நிறைய நேரம் இருக்கு எனக்கு. இருபத்து மூணு பேர்ல எத்தனை பேருக்கு நீங்க லைனிங் போட்டுக் குடுத்தீங்க?"

"எல்லாருக்கும்."

"அப்ப எல்லாருக்கும் போடுங்க."

போட்டார். ஒவ்வொரு வீட்டிலும் அவள் மனைவியைக் கேட்டாள். மனைவி இல்லாத வீட்டில் மருமகளை, துவைக்க வருகிற பெண்ணை. ஒரு வீட்டில் சிரித்தார்கள். ஒரு வீட்டில், "எங்க வீட்டுக்காரருக்கு ஒண்ணும் ஆகலையே" என்றார்கள். "எங்க வீட்டுக்காரருக்கும்தான் ஒண்ணும் ஆகலை" என்றாள் அவள்.

ஏழு வீடு ஆயிற்று. எட்டாவது எண்ணைப் போட்டு அவர் நீட்டியபோது, அவள் உதடு அசைந்தது, குரல் வரவில்லை. போனை அவர் பக்கம் தள்ளினாள்.

"ஹலோ? யாரு?" என்றது அந்தப் பக்கம்.

பெரியவர் நிமிர்ந்தார். அப்போதுதான் அறை வாசலைக் கவனித்தார். கையில் கஞ்சிக் கிண்ணத்தோடு மகள் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ. கஞ்சியில் ஏடு படிந்திருந்தது. செய்தித்தாள் எட்டுகிற தூரத்தில் இல்லை. மறைந்துகொள்ள எதுவுமே இல்லை.

"நான் டிரம்மர் பேசறேன்ம்மா. உன் புருஷன் வண்டிக்கு பிரேக் லைனிங் போட்டவன். ஒரு விஷயம் சொல்லணும், முழுசாக் கேளு. பழைய லைனிங்ல விஷம் இருக்கு. அந்தத் தூசி உக்காந்த துணியை உதறி உதறித்தான் என் பொண்டாட்டிக்குப் புற்றுநோய் வந்துது. அடுப்புப் புகையால இல்ல. என்னால."

மகளின் கையில் கிண்ணம் சாய்ந்தது. அவள் அதைக் கீழே வைத்துவிட்டு, அப்பாவைக் கடந்துபோய், அம்மாவின் காலடியில் உட்கார்ந்து அந்தப் பாதங்களைப் பிடித்துக்கொண்டாள். அப்பாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. அன்றைக்கும் பார்க்கவில்லை, அதற்குப் பிறகு அம்மா இருந்த ஐந்து வாரமும் சரியாகப் பார்க்கவில்லை.

அவர் பேசிக்கொண்டிருந்தார்.

"வேலை செய்யற இடத்துத் தூசி அங்கயே நிக்கணும்மா, வீட்டுக்கு வரக் கூடாது. பொழுதுபோக்குக்குச் செஞ்சாலும் சரி, பொழைப்புக்குச் செஞ்சாலும் சரி. தெரியாம அதை வீட்டுக்குக் கொண்டுவந்தேனே, அது ஒரு தப்பு. தெரிஞ்ச அப்புறமும் என் மானத்தைக் காப்பாத்திக்க வாயை மூடிக்கிட்டு இருந்தேனே, அதுக்கு மன்னிப்பே கிடையாது. உனக்கும் ஏதாவது தெரிஞ்சா, அன்னிக்கே சொல்லிடு. யார் என்ன நினைச்சாலும் சொல்லிடு. இருபத்து மூணு வீட்டுல இன்னும் பதினஞ்சு பாக்கி இருக்கு. நான் போனை வெக்கறேன்."

வைத்தார். ஒன்பதாவது எண்ணைப் போட்டார்.